மேடம் வீட்டுக்காரர்

புலிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிய வாடை வந்த பிறகுதான் ஓடிப்போய் அணைத்தான். மகளுக்குத் தலை பின்னத் தொடங்கி, பாதியில் சீப்பைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடினான்.

"அப்பா, சீப்பு உன் சட்டைப் பையில இருக்கு" என்றாள் வாண்டு. நாலாம் வகுப்பு படிக்கிற பெண். அப்பா பின்னிவிடுகிற சடைதான் வகுப்பிலேயே நேரான சடை என்று அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

புலி என்பது பட்டப்பெயர். படிக்கிற காலத்தில் 'கணக்கில் புலி' என்று கூட்டாளிகள் வைத்தது. போகப் போகக் கணக்கு உதிர்ந்து புலி மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆளைப் பார்த்தால் புலிக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். சோடாப்புட்டிக் கண்ணாடி, பலமாகக் காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு, பக்கத்து வீட்டு நாய் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற சுபாவம்.

அலைச்சலுக்குக் காரணம் முந்தின நாள் சாயங்காலம் வந்த போன். பேசியவன் ஒட்டடை. ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தவன். விடுதியில் புலியோடு ஒரே அறையில் இருந்தவன். இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையை அந்தத் துறையில் இன்னும் நாலு பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒட்டடை பிறகு மளமளவென்று மேலே போய்விட்டான். இப்போது ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஒரு ஊரில், புதிதாகத் தொடங்கிய கணித ஆராய்ச்சி மையத்துக்குத் தலைவன்.

"டேய் புலி, இங்க ஒரு இடம் விழுந்திருக்கு. நிரந்தர வேலை. உன் பேரைச் சொன்னேன், கமிட்டியில ஒருத்தர்கூட வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லல. நம்ம பழைய கணக்கைத் தூசு தட்டி எடுக்கலாம்டா. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு."

"வீட்ல பேசிட்டுச் சொல்றேன்."

"எத்தனை வருஷமாடா வீட்ல பேசிக்கிட்டே இருப்ப?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான் ஒட்டடை.

புலியின் மனைவி உயிரியல் புரொஃபசர். மீன் வளர்ப்பவள். விற்பதற்கு அல்ல, ஆராய்ச்சிக்கு. சுண்டுவிரல் அளவுகூட இல்லாத வரிவரியான மீன்கள். அவற்றின் வாலை நறுக்கினால் சில வாரங்களில் மறுபடி முளைத்துவிடும். எப்படி முளைக்கிறது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது என்பதுதான் அவளுடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு நூற்றுக்கணக்கான தொட்டிகள் வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், ஓயாமல் ஓடும் பம்புகள் வேண்டும், தீனி போட ஆட்கள் வேண்டும். புலியின் கேள்விக்கோ ஒரு பென்சிலும் காகிதமும் போதும். ஒரு வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே நிறமாக இல்லாதபடி வண்ணம் தீட்ட எத்தனை நிறம் வேண்டும் என்கிற மாதிரியான கணக்குகள். இதை அரைகுறையாகக் காதில் வாங்கிய மாமனார், "எங்க மாப்பிள்ளை வர்ணம் அடிக்கிறதுல டாக்டர்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைக்க, ஒருத்தர் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசனை கேட்டே வந்துவிட்டார்.

கல்யாணமான புதிதில், யார் வேலைக்காக யார் ஊர் மாறுவது என்ற பேச்சு வந்தபோது, அது ஒரே வாக்கியத்தில் முடிந்துபோனது. "எனக்கென்ன, என் லேப் என் மண்டைக்குள்ள இருக்கு. எங்க போனாலும் கூடவே வரும்." சொன்னது புலிதான். விளையாட்டாகச் சொன்னான். பிறகு எல்லாரும் அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று ஊர் மாறியாயிற்று. ஒவ்வொரு ஊரிலும் அவள் ஒரு படி ஏறினாள். அவன் ஒரு படி கீழிருந்து தொடங்கினான். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் தற்காலிக வாத்தியார். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தைப் பிரிவு பிரிவாக நடத்த வேண்டும். கடைசிப் பிரிவுக்குப் போகும்போது தன் குரலே தனக்கு யாரோ ஓடவிட்ட டேப் மாதிரிக் கேட்கும்.

அவளுடைய பல்கலைக்கழகத்தில் அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. வாசலில் காவலாளி உள்ளே போன் போட்டு, "மேடம் வீட்டுக்காரர் வந்திருக்கார்" என்பான். மாணவர்கள் மரியாதையாக எழுந்து, "மேடம் வீட்டுக்காரருக்கு நாற்காலி போடு" என்பார்கள். அவன் சிரிப்பான். இரண்டு கையையும் உயர்த்தி, உட்காருங்கள் உட்காருங்கள் என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களுக்கு ஓய்வு என்பதால் தொட்டிகளுக்குத் தீனி போடுவது அவன் வேலை. அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. எப்படியோ அவன் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே மீன் அறைக்குப் போனான். மனைவி விடியுமுன்பே கிளம்பிப் போயிருந்தாள். தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் நின்றுவிட்டது என்று தகவல் வந்திருந்தது. உள்ளே ஒரே களேபரம். மாணவர்கள் வெந்நீர் வாளிகளோடு குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு ஸ்டூல்மேல் ஏறி, கையில் கிடைத்த ரப்பர் குழாயால் தலைமுடியைக் கட்டிக்கொண்டு, மேல் வரிசைத் தொட்டிகளில் குவளை குவளையாக வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இது பேசுகிற நேரமல்ல என்று புலிக்குத் தெரியும். ஆனால் வாய் நிற்கவில்லை.

"ஒட்டடை போன் பண்ணினான்."

"ம். அந்தக் குவளையை இப்படிக் கொடு."

"அவன் மையத்துல ஒரு வேலை இருக்காம். நிரந்தரம். என்னைக் கூப்பிடறான்."

குவளை பிடித்த கை ஒரு கணம் நின்றது. பிறகு தண்ணீரைப் பதமாக ஊற்றியது.

"நல்லதா போச்சு. போ."

"போன்னா?"

"போன்னா போ. இதுல என்ன இருக்கு? நாலாவது வரிசையில தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுது, பாரு."

அவன் பார்த்துச் சொன்னான். வாளி தூக்கினான். எல்லாம் அடங்கியதும் வெளியே வந்து, கல்லூரிக்குப் போகாமல் கால்போன போக்கில் நடந்தான். போகாதே என்று சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். யோசிக்கலாம் என்று சொல்லியிருந்தால் யோசித்திருக்கலாம். கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்கிற மாதிரி 'போ' என்று சொன்னவளிடம் என்னத்தைச் செய்வது? பேருந்து நிலையம், தபாலாபீஸ், அடகுக்கடைத் தெரு என்று சுற்றிவிட்டு மறுபடி அதே பேருந்து நிலையத்துக்கு வந்து நின்றான். செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம்.

அடுத்து வந்த நாட்களில் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மின்சாரக் கட்டணம் பற்றிப் பேசினார்கள், வாண்டுவின் பல் ஆடுவதைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் சேதி மட்டும் எப்படியோ இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டது. புலியின் அம்மா போனில், "பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு ஊர் ஊரா போனது போதும்டா. இந்த ஒரு தடவையாவது ஆம்பளையா கிளம்பு" என்றாள். மாமியார் தன் பங்குக்கு, "மாப்பிள்ளை, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. நீங்க ஒரு ஊர்ல, அவ ஒரு ஊர்ல, குழந்தை நடுவுல. குடும்பம்னா என்ன பஸ் ஸ்டாண்டா?" என்றாள். புலி இரண்டு பேரிடமும் 'சரி' என்றே சொன்னான். இரண்டு பேரும் தாங்கள் சொன்னதுதான் எடுபட்டது என்று நிம்மதியாகத் தூங்கினார்கள். தூக்கம் இல்லாமல் போனது அவனுக்குத்தான்.

அந்த வாரக் கடைசியில் ஒட்டடை மறுபடி கூப்பிட்டான். "உன் சங்கடம் புரியுதுடா. இங்க டீன் கிட்ட பேசிட்டேன். உயிரியல் பக்கம் மேடத்துக்கும் ஏதாவது பண்ணித் தரலாம்னு சொல்றார். குடும்பத்தோட வாங்க. அவங்களும் ஒரு பேச்சு கொடுக்கட்டும்."

புலி சொன்னபோது அவள் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். 'முடியாது' என்பாள் என்று எதிர்பார்த்தான். "பாத்துட்டு வருவோமே" என்றாள். அதுவும் அவனுக்கு உறுத்தியது.

போனார்கள். ஒட்டடை ஸ்டேஷனுக்கே வந்து வாண்டுவைத் தோளில் தூக்கிக்கொண்டான். மையத்தில் புலியை நேரே ஒரு அறைக்குள் தள்ளிக்கொண்டு போனான். மூன்று சுவரிலும் கரும்பலகை. நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருத்தர்கூட அவனை யாருடைய வீட்டுக்காரர் என்று கேட்கவில்லை. "உங்க கட்டுரையில ஏழாம் பக்கத்துல ஒரு இடத்துல தாவிட்டீங்களே, அது எப்படி?" என்று கேட்டார்கள். புலி சுண்ணக்கட்டியை எடுத்தான். எழுதினான், அழித்தான், "இல்ல இல்ல, அப்படி வராது" என்று யாரோ குறுக்கே புகுந்தார்கள், அவரை ஒட்டடை மடக்கினான், ஒட்டடையைப் புலி மடக்கினான். கணக்கு தனியாளாக உட்கார்ந்து செய்கிற தவம் என்று ஊர் நினைக்கிறது. அது வாய்ச்சண்டை. எதிரே நின்று 'தப்பு' என்று சொல்ல ஒரு ஆள் இல்லாவிட்டால் மண்டைக்குள் இருக்கிற லேப் பூட்டியே கிடக்கும். இதை இத்தனை வருஷமாக அவன் யாரிடமும் சொன்னதில்லை. டீ ஆறி ஏடு கட்டிக் கிடந்தது.

சாப்பாட்டுக்கு முன் டீன் வந்து, மேடத்துக்கு இடம் காட்டப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று புலியை அழைத்தார். தங்கமான மனிதர். நடந்த தூரமெல்லாம் புலியின் பக்கம் திரும்பியே பேசிக்கொண்டு வந்தார். அவர் காட்டிய இடம் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறை. கால் ஒடிந்த நாற்காலிகளை ஒரு மூலைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ஒரு சின்னத் தொட்டியும் குழாயும் இருந்தன.

"சார், உங்க மிஸஸுக்கு இது போதுமா பாருங்க. நாலஞ்சு தொட்டி தாராளமா வெச்சுக்கலாம். வாரத்துல சில வகுப்பு எடுக்கணும். பாப்பாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்து மீனைப் பாத்துக்கிட்டு இருக்கலாம்."

புலி மனைவியைப் பார்த்தான். அவள் குழாயைத் திறந்து பார்த்தாள். அது செருமி, கொஞ்சம் துருத் தண்ணீரைத் துப்பியது. "தேங்க்ஸ் சார்" என்று மூடினாள்.

சாப்பாட்டு மேசையில் அவளை, "நம்ம புதுப் புரொஃபசர் சாரோட வீட்டம்மா" என்று அறிமுகப்படுத்தினார்கள். பிற்பகல் அவள் பேச்சுக்குக் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். அதில் பாதி, ஒட்டடை வற்புறுத்தி அனுப்பிய கணக்குப் பிள்ளைகள். அவள் நன்றாகத்தான் பேசினாள். கடைசியில் ஒருத்தர் கையைத் தூக்கி, "மேடம், இந்த மீனைச் சாப்பிடலாமா?" என்றார். அரங்கம் சிரித்தது. அவளும் சிரித்து, இரண்டு கையையும் உயர்த்தி, பரவாயில்லை பரவாயில்லை என்றாள்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த புலி அவளையே பார்த்தான். அந்தச் சிரிப்பை அவனுக்குத் தெரியும். அது அவனுடைய சிரிப்பு.

திரும்பும் ரயிலில் ஏறினார்கள். வாண்டு மேல் படுக்கையில் ஏறிப் படம் வரைந்துகொண்டிருந்தாள். வெயில் ஏறி, பெட்டியில் பாதிப் பேர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டம்மா" என்றாள் அவள் திடீரென்று, கசப்பு மாத்திரையை நாக்கில் புரட்டுவது மாதிரி. "ஒரு நாளைக்கே எனக்கு நெஞ்சு எரியுது. நீ எப்படி இத்தனை வருஷம் தாங்கின?"

அந்தக் கேள்விக்காக அவன் எவ்வளவோ காலம் காத்திருந்தான். வந்தபோது உருகியிருக்க வேண்டும். உருகவில்லை, சுர்ரென்று கோபம்தான் வந்தது.

"தாங்கினேன். வேற என்ன பண்றது?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்கல."

"கேட்டேன். ரெண்டாவது ஊருக்குக் கிளம்பும்போது கேட்டேன். 'எனக்கென்ன, லேப் மண்டைக்குள்ள இருக்கு'ன்னு சிரிச்ச. நீ சிரிச்சா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"நீ வேற பதிலா எதிர்பார்த்த?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பாலம் தடதடவென்று கடந்து போனது.

"இல்ல" என்றாள். "அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தேன். எனக்கு அது வசதியா இருந்தது. மேல தோண்டிக் கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவியோன்னு பயம். ஒத்துக்கறேன். ஆனா புலி, உனக்கும் அது வசதியாத்தான் இருந்தது."

"எனக்கா? எனக்கென்ன வசதி?"

"நீ விட்டுக்கொடுத்தவன், நான் வாங்கிக்கிட்டவ. எந்தச் சண்டை வந்தாலும் நீ வாயே திறக்காம ஜெயிச்ச. தொட்டி கழுவிட்டு ஈரக் கையோட நீ வந்து நின்னாலே நான் தோத்துடுவேன். அப்புறம் இன்னொண்ணு. கணக்கு வரலன்னா நீ எதைச் சொல்லிக்கலாம்? ஊர் சரியில்ல. ஆள் இல்ல. நேரம் இல்ல. அதாவது நான். ஒரு தடவையாவது உனக்கு வரலன்னு நீ சொல்லியிருக்கியா?"

புலி எழுந்து போய்ப் பெட்டிக் கதவருகே நின்றான். காற்று முகத்தில் அறைந்தது. உண்மை சுடும் என்பார்கள். இது சுடவில்லை, சட்டையைக் கழற்றி நடுத்தெருவில் நிறுத்தியது மாதிரி இருந்தது. அவள் சொன்னதில் முக்கால்வாசி தப்பு என்று தனக்குத்தானே வாதாடினான். அந்த மீதிக் கால்வாசி அசைய மறுத்தது. ஒரு ஸ்டேஷன் வந்து போனது. டீ விற்கிறவன் இரண்டு தடவை கேட்டுவிட்டு நகர்ந்தான். மூன்றாவது தடவை புலி இரண்டு டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"அப்போ அன்னைக்கு ஏன் 'போ'ன்னு அவ்வளவு சுலபமா சொன்ன?"

"சுலபமாவா?" அவள் குரல் உடைந்தது. "கண்ணு முன்னாடி மீன் செத்துக்கிட்டிருக்கு, அந்த நேரத்துல வந்து சொல்ற. 'போகாதே'ன்னு நான் சொன்னா நீ போகமாட்ட. அது எனக்கு நல்லாத் தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். அதுக்கு மேல என்ன பேசினாலும் அழுதுடுவேன்னு தெர்மாமீட்டரைப் பாக்கச் சொன்னேன்."

மேலிருந்து ஒரு தலை தொங்கியது. சடை ஊஞ்சல் மாதிரி ஆடியது.

"யாரு எங்க வேணா போங்க. நான் யார்கூட இருக்கணும்? அதை யாராவது சொல்லுங்க."

இரண்டு பேரும் டீயைக் குடித்தார்கள்.

அதைச் சொன்னது கடைசியில் அவள்தான். ஊர் திரும்பிச் சில நாட்கள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, வாண்டுவின் பள்ளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "நீ போய் வேலையில சேரு. வாண்டு உன்கூட வரட்டும். நான் காலையில அவ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி போறேன், அவ சாப்பிட்டப்புறம் வரேன். அவளுக்கு எந்தப் பாடம் வராது, எந்தச் சிநேகிதிகூட இந்த வாரம் சண்டை, எல்லாம் உனக்குத்தான் தெரியும். என்கிட்ட விட்டா அவளையும் ஒரு தொட்டியிலதான் போட்டு வைப்பேன்." சிரிப்பதற்காகச் சொன்னாள். சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீ இங்க தனியா?"

"ஆமா. இந்த அறையைக் கட்டி நிமிர்த்த எனக்கு நாலு வருஷம் ஆச்சு. இப்பதான் மீனெல்லாம் நான் சொல்றதைக் கேட்குது. இதை விட்டுட்டு மாடிப்படிக்கு அடியில போய் உக்கார என்னால முடியாது. உனக்காகக்கூட முடியாது. ரெண்டு வருஷம் இப்படி இருந்து பாப்போம். அப்புறம் உக்காந்து பேசுவோம். அப்ப நகர்றது நீயா நானான்னு இப்பவே யாரும் பெரிய மனசு பண்ணிச் சொல்லக் கூடாது. சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

மாமியாருக்குச் சேதி போனதும் வானம் இடிந்து விழுந்தது. பெற்றவள் இங்கே, பிள்ளை அங்கேயா, ஊர் என்ன பேசும் என்று. புலியின் அம்மாவுக்கு மகன் கிளம்பியதில் சந்தோஷம். ஆனால் பேத்திக்குச் சடை பின்னுவதும் சோறாக்குவதும் மகன்தான் என்று கேட்டதும் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. இந்தத் தடவை புலி யாரிடமும் 'சரி' என்று சொல்லவில்லை. "நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

புது ஊரில் எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. வீட்டில் குழாய் ஒழுகியது. வாண்டு புதுப் பள்ளியில் முதல் வாரம் யாருடனும் பேசவில்லை. மையத்தில் புலிக்குத் தனி அறை, கதவில் முழுப்பெயர். அந்தப் பலகையை அவன் யாரும் இல்லாத நேரத்தில் தொட்டுப் பார்த்தான் என்பதும் உண்மைதான். சேர்ந்த மாதமே அவன் பேச வேண்டிய கூட்டம் வைத்தார்கள். வருஷக்கணக்காக உள்ளே போட்டு ஊறவைத்திருந்த ஒரு யோசனையை எடுத்து வைத்தான். பாதிகூடத் தாண்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஆராய்ச்சி மாணவி, பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டே, "சார், இந்த ஸ்டெப் சரியா வராதே. இப்படி ஒரு படம் போட்டா உடைஞ்சிடுதே" என்றாள். எழுந்து வந்து போட்டுக் காட்டினாள். உடைந்துவிட்டது. புலி பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கட்டிய கோட்டை முழுக்க அந்த ஒரு செங்கல் மேல் நின்றிருந்தது.

"துரு ஏறியிருக்குடா, அவ்வளவுதான். எண்ணெய் விட்டா ஓடும்" என்று ஒட்டடை முதுகைத் தட்டினான். அந்தத் தட்டு இன்னும் வலித்தது.

வெளியே வந்து நடந்தான். பழைய ஊரில் நடந்த மாதிரியே, தெரு தெருவாக. ஆனால் இங்கே ஊர்மேல் பழி போட முடியாது, ஆள் இல்லாமல் இல்லை, நேரம் இல்லாமல் இல்லை. மதிய வெயிலில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டான்.

"எப்படி இருந்தது பேச்சு?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"நல்லாத்தான்..." என்று வாய் தானாகத் தொடங்கியது. நிறுத்தினான். தெருவில் ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு போனான். "கேவலமா போச்சு. நான் நினைச்சதே தப்பு. ஒரு சின்னப் பொண்ணு ஒரு நிமிஷத்துல உடைச்சுட்டா. எனக்கு வரலம்மா."

"ரொம்பக் கேவலமா, சுமார் கேவலமா?"

"ரொம்ப."

"சரி, என் கேவலத்தையும் கேளு. போன ஞாயித்துக்கிழமை யாருமே மீனுக்குத் தீனி போடல. ஒவ்வொரு பயலும் இன்னொருத்தன் போட்டிருப்பான்னு நினைச்சிருக்கான். எனக்கே நீ கிளம்பினப்புறம்தான் உறைக்குது, அதை யார் பண்ணிக்கிட்டிருந்தான்னு. அப்புறம், வாண்டு இல்லாத வீட்டுக்குள்ள நுழையப் பிடிக்காம வராந்தாவுலயே உக்காந்து சாப்பிடறேன். பக்கத்து வீட்டம்மா சாவியைத் தொலைச்சுட்டேனான்னு கேக்கறாங்க."

அவன் சிரித்தான். "நான் திரும்பி வந்துடட்டுமா?"

"வந்தா கதவைத் திறக்கமாட்டேன். அந்தப் பொண்ணு சொன்ன தப்பு என்ன? எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு."

சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. 'புரியல' என்று நேராகச் சொன்னாள். மறுபடி சொன்னான். படியில் கிடந்த கூழாங்கற்களை வரிசையாக வைத்துப் பார்த்து, அவளால் பார்க்க முடியாது என்பது மறந்து, இது பார், இது பார் என்று காட்டிக்கொண்டிருந்தான். கடைசிவரை அவளுக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது என்று அவள்தான் அவனை எழுப்பி அனுப்பினாள்.

மறுநாள் காலை அந்த மாணவியின் அறைக் கதவைத் தட்டி, "நேத்து நீ போட்ட படத்தை இன்னொரு தடவை போட்டுக் காட்டும்மா, நான் சரியாப் பாக்கல" என்றான். அவள் பயந்துபோய் எழுந்து நின்றாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் பயம் தெளிந்து, "இல்ல சார், மறுபடி தப்பு" என்று மேசையைத் தட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். கோட்டை போனது போனதுதான். அதன் இடிபாட்டில் ஒரு சின்ன அறையையாவது கட்டலாமா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி வருகிறேன் என்று சொன்ன முதல் வாரம் வரவில்லை. மீன்களுக்கு ஏதோ நோய். இரண்டாவது தடவை டிக்கெட் கிடைக்கவில்லை. வாண்டு, "அம்மா வரும்போது வரட்டும்" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. புலி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான். நாம் செய்தது சரியா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அன்று மாலை போனில் அவளிடமும் சொன்னான். "எனக்கும் தெரியல" என்றாள் அவள். முன்பெல்லாம் இந்த இடத்தில் யாராவது ஒருத்தர் தெரிந்த மாதிரி நடிப்பார்கள்.

மூன்றாவது தடவை வந்துவிட்டாள். ரயில் தாமதம். புலி நடைமேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டேயிருந்தான். "அப்பா, நீ நடந்தா ரயில் சீக்கிரம் வருமா?" என்று வாண்டு பெஞ்சிலிருந்து கேட்டாள். ஒருவழியாக ரயில் வந்து நின்றது. கூட்டத்தில் அவள் தெரிந்தாள். இளைத்திருந்தாள், தோளில் பை, தலைமுடியில் ஒரு பேனா செருகியிருந்தது. வாண்டு ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் மகளின் உச்சியில் முகத்தை அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு நிமிர்ந்து, கண்ணைத் துடைக்காமலே, "புலி, வால் எங்க நிக்கணும்னு மீனுக்கு எது சொல்லுதுன்னு ஒரு துப்புக் கிடைச்சிருக்கு" என்றாள்.

"என் கணக்குல, இடிஞ்ச கோட்டைக்குள்ள ஒரு அறை நின்னுடுச்சு. சின்னதுதான், ஆனா நிக்குது" என்றான் அவன் அதே மூச்சில்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். சுமை தூக்குகிறவர் ஒருத்தர், "ஓரமா போய்ப் பேசுங்க சாமி" என்று அதட்டிக்கொண்டு போனார். வாண்டு இரண்டு பேர் கையையும் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்கால ரயிலுக்கு அவள் திரும்ப வேண்டும். அதை யாரும் இன்னும் சொல்லவில்லை.